ஆறாம் பெட்டில் யாரும் சொல்லாதது

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பறந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல். கம்பு வைத்து இழுத்து எடுப்பதற்குள் 8.20 பஸ் போய்விட்டது. காஸ் புக் பண்ண வேண்டும். மறக்கக் கூடாது.

புது பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். பேருக்குக் கீழே 'கவுன்சிலர்' என்று கொட்டை எழுத்தில். லிஃப்டில் ஒரு பெரியவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏனுங்க, நீங்க எத்தனாவது வார்டுங்க? எங்க வீதீல சாக்கடை அடைச்சு ஒரு மாசமாச்சுங்க" என்றார். அந்தக் கவுன்சிலர் நான் இல்லை என்று விளக்குவதற்குள் மூன்றாவது மாடி. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

என் வேலையை ஒரு வரியில் சொல்ல எனக்கும் வராது. பதினாறு வருடம் ஐசியூ நர்ஸ். முதுகெலும்பு தேய்ந்த பிறகு இந்த நாற்காலி. உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன ஆகிறது என்று வெளியே காத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிழைக்க மாட்டார் என்றால் அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் இன்னும் சிஸ்டர்தான்.

இன்று ஒன்பது பேர். புதிதாகப் பார்த்தது ஆறாம் பெட். மயில்சாமி, 61, ஊர் நெருப்பெரிச்சல். முப்பது வருடம் பனியன் துணி நெய்யும் நிட்டிங் மெஷின் போட்டு ஓட்டியவர். இப்போது மகன் பார்க்கிறான். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும் நோய். இரண்டு வருடமாக வீட்டில் ஆக்சிஜன். சனிக்கிழமை மூச்சு முட்டி இங்கே. மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க், மெஷின் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. நினைவு முழுசாக இருக்கிறது. கண் யாரையும் விடவில்லை. பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்திருக்கிறார்கள்.

டா. வித்யா ரவுண்ட்ஸ் முடித்துச் சொன்னது: "இது திரும்பாது. நாலு நாள், மிஞ்சினா ஒரு வாரம். பையன்கிட்ட சொல்லிட்டேன். நீங்க கூட இருங்க."

பையன் கார்த்தி. முப்பது இருக்கும். சட்டைத் தோளில் பஞ்சு. என்னை மாடிப்படி ஓரமாகக் கூட்டிப் போனான்.

"டாக்டரம்மா சொன்னது எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க சிஸ்டர். அப்பாகிட்ட வேண்டாம், மனசு உட்டுருவாரு. அம்மாவுக்கு பிரஷர். தங்கச்சியத் தாராபுரத்துல குடுத்திருக்குது, இப்ப எட்டு மாசம். அவளுக்குத் தெரியவே கூடாதுங்க."

"அத்தனையும் நீங்க ஒருத்தரே வெச்சுக்க முடியுமாங்க?"

"வெச்சுக்கறனுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மூன்று நாளாகத் தூங்காத முகம். காலில் வெவ்வேறு ஜோடிச் செருப்பு.

ஜூலை 22, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. காஸ் புக் பண்ணியாச்சு. அம்மா போனில்: "ஏட்டி, அங்க காத்து கூரையத் தூக்குதாம்லா? டிவியில காட்டுதான். மாடிக்குப் போகாத." காற்றாலை சுற்றும் திசையன்விளையில் பிறந்த எனக்குக் காற்றைப் பற்றி யார் சொல்ல வேண்டும். இருந்தாலும் சொல்லுவாள்.

காலை 9.40. மயில்சாமி பக்கத்தில் போய் நின்றதும் நோட்டை எடுத்தார். எழுதிக் காட்டினார்.

எத்தனை நாள்?

டாக்டர் வருவாங்க, அவங்ககிட்ட கேளுங்க என்று நழுவப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி எழுதினார். நேரம் எடுத்தது. வரிக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்.

டாக்டர் பையனப் பாத்துப் பேசறாங்க. பையன் செவுத்தப் பாத்துப் பேசறான். எனக்குத் தெரியாதுங்களா.

இல்லை என்று சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் பார்வையை எடுக்கவில்லை. அது போதுமாக இருந்தது அவருக்கு. கையை விடுவித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி.

எனக்குத் தெரியும்னு கார்த்திகிட்டச் சொல்லீராதீங்க. தாங்க மாட்டான்.

அப்புறம் தனியாக, அடியில் கோடு போட்டு: கோமதி வர வேண்டாம். வயித்துப் புள்ளைக்கு ஆகாது.

கோமதி என்பது மகள். தாராபுரம்.

வெளியே ஹாலில் அவர் மனைவி சரஸ்வதி. ஒயர் கூடை, அதில் ஃபிளாஸ்க், சிவன்மலை விபூதிப் பொட்டலம், மடித்த வேட்டி ஒன்று. நான் போய் உட்கார்ந்ததும் தள்ளி இடம் விட்டார். அவரைத் தேற்றலாம் என்றுதான் போனேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. முப்பத்தஞ்சு வருசமா அவிங்க மூச்சுச் சத்தத்தக் கேட்டுட்டுத்தான் தூங்கறன். போன தையிலயே மாறிப்போச்சு. எனக்குத் தெரியும்."

"கார்த்திக்குத் தெரியுமாங்க, உங்களுக்குத் தெரியும்னு?"

"சொல்லீராதீங்க கண்ணு. அம்மாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சுட்டு இருக்கறான். அத வெச்சுத்தான் நின்னுட்டு இருக்கறான். அதையும் புடுங்கிப் போட்டா உழுந்துருவான்."

ஆக, மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று மூன்று பேரும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சிரிப்பு வர வேண்டிய விஷயம். வரவில்லை.

மாலை 5.15. கோமதி போன். ரிசப்ஷனில் என் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, அண்ணன் என்னமோ மழுப்பறானுங்க. அம்மாவும் ஒழுங்காப் பேச மாட்டீங்குது. நீங்க சொல்லுங்க, அப்பா எப்பிடி இருக்கறாரு?"

"சளி எச்சா இருக்குங்க. மூச்சு விடறதுக்கு மெஷின் வெச்சிருக்கு. நீங்க உங்க உடம்பப் பாத்துக்கங்க."

"அப்ப பயப்பட வேண்டாங்களா?"

"வேண்டாங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அவள் "அப்பாடா" என்றாள். யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம், நாய் குரைப்பு, பிறகு "தேங்க்ஸ்ங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

இரவு ஜெபத்தில் பைபிளின் பத்துக் கட்டளைகளை எண்ணிப் பார்த்தேன். பொய்யைப் பற்றியது ஒன்பதாவது. ஞாயிறு பள்ளியில் எட்டு வயதில் ஒப்பித்துப் பென்சில் பெட்டி பரிசு வாங்கினேன்.

ஜூலை 23, புதன்

தலைவலி. மகளுக்குக் கணக்கு டெஸ்ட், டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓட்டம்.

காலையில் டா. வித்யா கூப்பிட்டார். மயில்சாமிக்கு மாஸ்க் போதவில்லை. நாளை மாலை, அதிகம் போனால் வெள்ளி காலைக்குள் முடிவு எடுக்க வேண்டும். டியூப் போட்டு வென்டிலேட்டரா, வேண்டாமா. டியூப் போட்டால் தூங்க வைத்துவிடுவார்கள். பேச்சு, எழுத்து, ஜாடை எதுவும் இல்லை. இந்த நுரையீரலில் போட்ட டியூபை எடுக்க முடியாது. அதோடு சரி.

கார்த்தியிடம் இதையெல்லாம் டாக்டரே சொன்னார். நான் பக்கத்தில். அவன் கேட்டானா என்று தெரியவில்லை.

"எல்லாம் பண்ணுங்க டாக்டர். எது எது இருக்குதோ அத்தனையும் பண்ணுங்க."

"அப்பாவுக்கு இதுல விருப்பமான்னு கேட்டுட்டு…"

"அவருகிட்ட எதும் கேக்க வேண்டாமுங்க! நாந்தான சொல்றன்."

கையெழுத்துப் போட்டான். அழுத்தி எழுதியதில் பேப்பர் கிழிந்தது. வேறு ஃபாரம் கொண்டு வந்து இன்னொரு முறை.

போன வைகாசியில் நாலாம் பெட்டில் ஒரு அம்மா. மகள்கள் மூன்று பேர், யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டியூப் போட்ட பிறகு பதினோரு நாள் இருந்தார். கடைசி மகள் ஒவ்வொரு பார்வை நேரத்திலும் காதருகே குனிந்து பேசிக்கொண்டே இருப்பாள். "கேக்குமாங்க சிஸ்டர்?" என்பாள். "கேக்கலாம்" என்பேன். ஒரு நாள் அவள் குனியவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனாள். அதை நினைத்துக்கொண்டே மத்தியானம் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

ஹாலில் காதில் விழுந்தவை:

"நாளைக்கு அமாவாசைங்க. அது தாண்டீருச்சுன்னா கண்டம் போச்சுன்னு அர்த்தம்."

"ஹான் மா, டீக் ஹை, சப் டீக் ஹை." தலையில் அடிபட்ட தம்பிக்காகக் காத்திருக்கும் பீகார்ப் பையன், ஊரில் இருக்கும் அம்மாவிடம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாளை எதையாவது செய்ய வேண்டும். என்ன என்று தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பஸ் காலி. பாதிப் பேர் ஆற்றங்கரைக்குப் போயிருப்பார்கள்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். மறந்தால் பிறகு நான் வேறு மாதிரி ஆக்கிவிடுவேன்.

9.20. மயில்சாமி எனக்காகக் காத்திருந்தார். எழுதி வைத்திருந்தார். குழாய் வேண்டாம். பக்கத்துப் பெட்டப் பாத்துட்டேன்.

ஐந்தாம் பெட்டுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரைதான். நேற்று அங்கே டியூப் போட்டபோது திரை சரியாக மூடவில்லையாம்.

9.45. டா. வித்யாவிடம் நோட்டோடு போனேன். படித்தார். நேரே பெட்டுக்கு வந்து அவரையே கேட்டார். டியூப் போடவில்லை என்றால் என்ன ஆகும், மூச்சுத் திணறாமல் இருக்க என்ன மருந்து கொடுப்போம், எல்லாம். மயில்சாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் என்னைத் தள்ளிக் கூட்டிப் போய்ச் சொன்னது: "இவரு தெளிவா இருக்காரு. இவரு வேண்டாம்னா நான் போட மாட்டேன். ஆனா பையன் கையெழுத்துப் போட்டிருக்காரு. நாளைக்கு இவருக்கு நினைவு தப்பினதும் பையன் என் கோட்டைப் பிடிப்பாரு. அப்பாவ நாமதான் சாகவிட்டோம்னு ஆயுசுக்கும் நினைப்பாரு. எல்லாரும் இன்னைக்கே ஒரே இடத்துல உக்காரணும். உங்களால கூட்ட முடியுமா?"

10.10. மறுபடி மயில்சாமி. "உங்களுக்குத் தெரியும்ங்கறத நான் கார்த்திகிட்டச் சொல்லட்டுங்களா?" பிறகு எழுதினார். நீங்க வேண்டாம். அவளக் கூப்புடுங்க. மனைவியைத்தான் சொன்னார், சரஸ்வதியை உள்ளே விட்டதும் நோட்டை அவரே காட்டினார்.

மாலை 4. பார்வை நேரம். ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பது விதி. டாக்டர் சொல்லி இரண்டு பேரையும் விட்டோம். திரையைச் சுற்றி இழுத்து மூடினேன். கார்த்தி தயாராக ஒரு சிரிப்போடு வந்தான். "அப்பா, இன்னைக்கு மூஞ்சி தெளிவா இருக்குது. டாக்டர் சொன்னாங்க, ரெண்டு நாள்ல வார்டுக்கு மாத்தீரலாம்னு…"

"கார்த்தி," என்றார் சரஸ்வதி. சத்தமாக இல்லை. "போதும் சாமி."

அவன் நிறுத்தினான்.

"எனக்குத் தெரியும். உங்கப்பனுக்கும் தெரியும். உனக்கும் தெரியும். இன்னி யாருகிட்ட ஒளிக்கறது?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தான். மயில்சாமி கட்டில் கம்பியைத் தட்டினார். என்னைக் காட்டி, இல்லை என்று கையசைத்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

கார்த்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஐசியூ தரையில் யாரும் உட்காரக் கூடாது. நான் எழுப்பவில்லை. ஆறடி உயரம், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. சத்தமே வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. சரஸ்வதி அவன் தலையில் கை வைத்தபடி கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு டியூப் வேண்டாமாம் என்று டாக்டர் சொன்னதும் எழுந்துவிட்டான்.

"வேண்டாம்னு எப்பிடிங்க உடறது? நானே எங்கப்பாவக் கொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு ஊர்ல என்ன கேப்பாங்க? எனக்கு நானே என்ன சொல்லிக்குவன்?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மயில்சாமி அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். பென்சில் முனை மழுங்கியிருந்தது, எழுத்து தடித்து வந்தது. பக்கத்தைக் கிழித்து மகன் கையில் கொடுத்தார்.

நான் சொல்றேன். நீ இல்ல.

கார்த்தி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். நான்கே வார்த்தை. அப்பா முகத்தைப் பார்த்தான். அவர் கட்டில் ஓரத்தைத் தட்டினார், இங்கே உட்கார் என்று. கட்டிலில் உட்காரவும் கூடாதுதான். உட்கார்ந்தான்.

டாக்டரும் நானும் வெளியே வந்துவிட்டோம். முப்பது நிமிடம். திரைக்குள்ளிருந்து கார்த்தியின் குரல் மட்டும் கேட்டது, விட்டு விட்டு. ஒரு முறை மூன்று பேரும் சிரித்த மாதிரி இருந்தது. என்னவென்று தெரியாது. கேட்கவும் இல்லை.

பிறகு வெளியே வந்தவர்களிடம் நான்தான் எடுத்தேன், "கோமதிக்கு?"

சரஸ்வதி: "ஐயோ, வேண்டாமுங்க. மாசமா இருக்கற புள்ள இதையெல்லாம் பாக்கக் கூடாது."

கார்த்தி: "அப்பாவே வேண்டாம்னு எழுதியிருக்காருங்க."

இந்த ஒன்றில் மட்டும் மூன்று பேரும் ஒரே கட்சி.

6.05. பஸ் ஸ்டாப். மண்ணை வாரி அடிக்கும் காற்று. கோமதி போன்.

"அக்கா, அண்ணன் எடுக்கலைங்க. அம்மா எடுத்து ஒண்ணுமில்ல அம்மிணிங்குது. குரலே செரியில்ல. நீங்க நெசத்தச் சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. மூன்று பேருக்குக் கொடுத்த வாக்கு, அதிலும் ஒருவர் என் நோயாளி. அவள் மூச்சு விடுவது காதில் கேட்டது.

"வாங்க," என்றேன்.

"எப்பங்க?"

"நாளைக்குக் காலைல."

பிறகு, "செவ்வாக்கெழம எங்கிட்ட என்னங்க சொன்னீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

போன உடனே டா. வித்யாவிடம் முதலில் சொன்னேன், நானாகத்தான் வரச் சொன்னேன் என்று. என்னை ஒரு பார்வை பார்த்தார். "முதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்" என்றார். ஆமாம்.

காலை 10. லிஃப்ட் திறந்ததும் கோமதி. கணவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. குண்டடம் வழியாகக் காரில், காற்று வண்டியையே தள்ளியதாம். வயிறு முன்னால் வர, முகம் மட்டும் சின்னப் பெண் முகம். கார்த்தி அவளைப் பார்த்தான், அடுத்து என்னை.

"நீங்களா சிஸ்டர்?"

"ஆமாங்க."

அவன் திட்டவில்லை. போய்த் தங்கையின் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

அவளுக்கு மாஸ்க், கை கழுவல். என் அறையிலிருந்து முதுகு சாயும் நாற்காலி. திரையை விலக்கியதும் மயில்சாமியின் புருவம் நெறிந்தது. மாஸ்க்கைக் கையால் விலக்கிவிட்டு, குரலே இல்லாத குரலில், "எதுக்கு வந்தே?"

சொன்ன கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. நர்ஸ் பிரஷர் பார்க்க அந்தக் கை வேண்டும் என்றபோது மறு கையை நீட்டினார்.

"சாப்ட்டியா?" வாயசைவில்.

"சாப்ட்டம்ப்பா."

இடது கையால் நோட்டில் கிறுக்கினார். பொய்.

அவள் சிரித்தாள், அழுதாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம். மயில்சாமி என்னைப் பார்த்தார். ஐசியூவுக்குள் சாப்பாடு கூடாது. கேன்டீனிலிருந்து நாலு இட்லி, டப்பாவில். டா. வித்யா அந்தப் பக்கம் திரும்பி வேறு யாருடைய எக்ஸ்ரேயையோ வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பார்க்க, மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, ஒற்றைக் கையால் கோமதி நாலு இட்லியும் தின்றாள். அவர் ஒவ்வொரு வாயையும் பார்த்தார். முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் இருந்தாள். பேச அவருக்கு மூச்சு இல்லை. இடையிடையே அவள் காதை அருகில் கொண்டுபோவாள், அவர் ஏதோ சொல்வார்.

வெளியே வந்து என் எதிரில் நின்றாள்.

"செவ்வாக்கெழம அப்பா நல்லா எழுதிட்டு இருந்தாராமா?"

"ஆமாங்க."

"புதங்கெழமையும்?"

"ஆமாங்க."

"உங்கள நம்பி ரெண்டு நாள் ஊட்டுல உக்காந்திருந்தனுங்க. சீரியல் பாத்துட்டு. அந்த ரெண்டு நாளு எனக்கு இனி எங்க கெடைக்கும்?"

குடும்பத்தார் சொல்ல வேண்டாம் என்றார்கள், உங்கள் உடம்பு, குழந்தை என்று சொல்ல வாயில் எல்லாம் இருந்தது. "தப்புங்க" என்றேன். "நான் செஞ்சது தப்பு." அவள் திரும்பிக்கொண்டாள். கணவனோடு போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அழுகை. வீட்டுக்காரர் கேட்டார், என்ன ஜெபா என்று. முதுகு வலி என்றேன். மறுபடி ஒரு பொய். கையைத் துடைத்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னேன். அவருக்கு இரவு ஷிஃப்டுக்கு நேரம் ஆகிவிட்டது, வாசலில் நின்றே கேட்டார்.

ஜூலை 26, சனி

கொஞ்சம் தூறல். காற்றுக்கு அது நிற்கவில்லை, பறந்துவிட்டது.

மயில்சாமிக்கு மயக்கம் கூடியிருக்கிறது. இறுக்கும் மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாயில் ஆக்சிஜன் மட்டும். மூச்சுத் திணறலுக்குச் சின்ன அளவில் மார்ஃபின். முகம் முழுசாகத் தெரிகிறது. மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய சிவப்புத் தழும்பு. சரஸ்வதி அதில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தார்.

கார்த்தி கேட்டான், அப்பாவுக்குச் சவரம் செய்யலாமா என்று. செய்தான். கன்னத்தை இழுத்துப் பிடித்து, நிதானமாக. சின்ன வயதில் தனக்கு முதல் சவரம் செய்துவிட்டதே அப்பாதான் என்றான். மீசையைத் தொடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கீழே வாதம். உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்று ஒரு மாமா. சரஸ்வதி ஒரே பேச்சில் முடித்தார்: "நேத்தே கேட்டாச்சுங்க. அங்க போனா ஊரே வந்து பாக்கும், இங்கயே இருக்கறன்னு அவிங்களே சொல்லீட்டாங்க."

கோமதி தாராபுரம் போகவில்லை. அண்ணன் வீட்டில் தங்கி, இரண்டு பார்வை நேரத்துக்கும் வந்தாள். என்னிடம் பேசவில்லை. நாற்காலியை நகர்த்த உதவினேன். "இருக்கட்டும்" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

எனக்கு லீவு. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது டா. வித்யாவின் மெசேஜ். நேரே போனேன், பட்டுச் சேலையோடு.

எல்லாரையும் உள்ளே விட்டிருந்தார்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் கார்த்தி என்னைப் பார்ப்பான். நான் இன்னும் இருக்கிறது என்று தலையாட்டுவேன். சரஸ்வதி காலைத் தடவிக்கொண்டிருந்தார், முருகா முருகா என்று உதட்டில். கோமதி அதே நாற்காலியில், அதே மணிக்கட்டு.

2.10க்கு ஒரு இடைவெளி வந்தது. அது முடியவில்லை. கார்த்தி பார்த்தான். இந்த முறை தலையாட்டவில்லை.

பிறகு நான் செய்தவை. மானிட்டர் சத்தத்தை அணைத்தது. ஊசிக் குழாய்களை எடுக்க உதவியது. கண்ணை மூடிவிட்டது சரஸ்வதி, நான் இல்லை. கூடையில் இருந்த மடித்த வேட்டியை அவர் எடுத்துக் கொடுத்தார், கட்டினோம். கோமதிக்குத் தண்ணீர். கால் வீங்கியிருந்தது, ஸ்டூல் போட்டுத் தூக்கி வைத்தேன். தடுக்கவில்லை.

பேப்பர் வேலை நடக்கும்போது கார்த்தி கவுன்ட்டருக்கு வந்தான்.

"சிஸ்டர், புதங்கெழம நான் கையெழுத்துப் போட்ட பேப்பரு… அதக் கிழிச்சரலாங்களா?"

ஃபைலிலிருந்து எதையும் கிழிக்க முடியாது என்றேன். எடுத்துக் காட்டினேன். அவன் ஃபாரத்தின் குறுக்கே டாக்டர் கோடு போட்டு ரத்து என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் வியாழன் தேதியில் இன்னொன்று. நோயாளி முழு நினைவோடு தானே மறுத்தார் என்று. அதற்குக் கீழே மயில்சாமியின் கையெழுத்து, கோணலாக, முழுப் பெயர். கார்த்தி அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஜூலை 30, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆறாம் பெட்டில் விஷக்கடி, ஊத்துக்குளிப் பக்கம். பிழைத்துவிடுவார்.

டா. வித்யாவிடம் ஒன்று கேட்டேன். நோயாளிக்கு நினைவு இருந்தால், முதல் நாளே, "உங்களுக்கு எவ்வளவு தெரியணும், வேற யாருக்குச் சொல்லணும்?" என்று அவரையே கேட்டுவிடலாமா. வீட்டாரிடம் போவதற்கு முன்னால். செய்யலாம் என்றார். செய்து பார்ப்போம். சண்டை வரும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

கறிக்குழம்பு அடுப்பில். மகள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஃபேனுக்கு அடியில். வெளியே பக்கத்து வீட்டார் ஆற்றுக்குப் புறப்படும் ஆரவாரம்.

11.30. கோமதி போன். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். உடம்பு எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கறனுங்க, தேதி இருபது சொல்லியிருக்காங்க என்றாள். அம்மா? பரவாயில்லீங்க. அண்ணன்? மறுபடி மெஷின் ஓட்டறானுங்க.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? அண்ணன் எல்லாருகிட்டயும் சொல்றானுங்க, கோமதியப் பாக்கோணும்னு அப்பா கேட்டாரு, அதனாலதான் சிஸ்டர் கூப்புட்டாங்கன்னு. நெசங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அப்பா இல்லை, மறுக்க ஆள் இல்லை. அண்ணன் ஆசையாகச் சொன்னது. வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆயுசுக்கும் வைத்துக்கொள்வாள். வாய் திறந்துவிட்டது.

"இல்லீங்க," என்றேன். "அப்பா கேக்கலைங்க. நீங்க வர வேண்டாம்னுதான் எழுதிக் காட்டுனாரு. புள்ளைக்கு ஆகாதுன்னு. நானாத்தான் வரச் சொன்னேன்."

கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எனக்குத் தெரியுங்க," என்றாள். "அன்னைக்கே அப்பா எங்காதுல சொன்னாரு. நான் வேண்டாம்னேன், நீ எப்பிடியோ வந்துட்டேன்னு."

"அப்புறம் ஏனுங்க எங்கிட்டக் கேட்டீங்க?"

"உங்க வாயில என்ன வருதுன்னு பாக்கோணும்னு இருந்துதுங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரன், வாரன்" என்று அங்கே சொன்னாள். என்னிடம், "செரிங்க்கா, வெச்சரட்டுங்களா" என்றாள். வைத்துவிட்டாள்.

மகள் சமையலறையிலிருந்து கத்தினாள், "யம்மா, குழம்பு தீயுது." போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது.